மார்க்கண்டு மாமாவின் குரோம் மேளம்

பெரிய மேளத்துக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. ஒன்றல்ல, நான்கு.

கிழிந்த தோலின் வழியாகக் கையை விட்டு, ஐந்தாவதும் இருக்கிறதா என்று ஜெகதீஸ் தடவிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கோசலா கைத்தொலைபேசியும் கையுமாக ஓடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, மாமா வாறாராம்!"

"எந்த மாமா?"

"எந்த மாமாவோ? நாங்கள் குடியிருக்கிற வீட்டுக்காரன் மாமா! கனடா மார்க்கண்டு மாமா! மூண்டு கிழமையிலை நாரந்தனையிலை நிப்பாராம். மாமியும் வாறாவாம்."

கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஜெகதீசும் கொக்கரித்திருப்பார். கையில் முட்டை இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். மார்க்கண்டு மாமா ஜெகதீசின் தாய்மாமன். இளந்தாரிக் காலத்தில் குருநாகலில் இருந்த இசைக்குழு ஒன்றுக்காக ஒரு ட்றம் செற் வாங்கியவர். மேளம் ஐந்து, தாளத்தட்டு இரண்டு. வளையம், திருகாணி, கால் எல்லாம் குரோம். மாமா கனடாவுக்குப் போக, செற் அங்கே இருந்த குடும்பக் கடையின் பின்னறைக்குப் போனது. ஊர் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு அதுவும் லொறியில் ஏறி ஊர் வந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் மாமா தன் வீட்டை ஜெகதீசிடம் ஒப்படைத்தபோது ஒரேயொரு வேலைதான் சொன்னார்: "வீட்டிலை இரு. மேளத்தைப் பாத்துக்கொள்."

ஜெகதீஸ் பார்த்துக்கொண்டார். கண்ணால் மட்டும்.

ஞாயிறு தவறாமல் மாமா தொலைபேசி எடுப்பார். "மருமோன், என்ரை மேளம் எப்பிடி?"

"தங்கம் மாதிரி வைச்சிருக்கிறன் மாமா!"

அந்தத் தங்கத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டுமானால், பின்விறாந்தையில் கடற்காற்றுக்கு நேரே கிடந்தது. வளையங்களில் துரு ஊர்ந்திருந்தது. மேளத்தின் கால் ஒன்று உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

"வேறை என்ன சொன்னவர்?" என்றார் ஜெகதீஸ், மெல்லிய குரலில்.

"வந்து மேளத்தைப் பாத்திட்டு, வீட்டு உறுதியை உங்கடை பேருக்கு மாத்திற அலுவலைப் பாப்பம் எண்டவர்."

ஜெகதீஸ் முட்டைகளோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சொந்த வீடு! இத்தனை வருடமும் சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் கனடாவைக் கேட்டு அடித்த வீடு! அது இப்போது இந்தத் துருப்பிடித்த வளையங்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பதறாதையுங்கோ," என்றாள் கோசலா. "திருவிழாவுக்குக் குத்துவிளக்கு மினுக்கிறமாதிரி மினுக்கினால் சரி. பழப்புளியும் சாம்பலும் போதும்."

தீவுப்பகுதியில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். கோசலா முதலில் தாளத்தட்டுகளில் கை வைத்தாள். புளி தடவி, சாம்பல் போட்டு, தென்னந்தும்பால் பத்து நிமிடம் தேய்த்துக் கழுவினாள். அடடா, என்ன மினுக்கம்! இரண்டு தட்டும் சூரியனைப் பார்த்துச் சிரித்தன.

"கோசலா, நீர் ஒரு கெட்டிக்காரி!" ஜெகதீஸ் கத்தினார். "எல்லாத்துக்கும் பூசும்! மிச்சம் வையாமல் பூசும்!"

பூசினார்கள். குசினியில் இருந்த புளி முழுவதும் கரைந்தது. விளக்கென்றால் ஊறவிட்டால்தான் அழுக்கு இளகும் என்பது கோசலாவின் அனுபவம். ஆகவே காலையில் பூசியதை மாலையில்தான் கழுவினார்கள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், நேற்றுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த துரு, புளி குடித்த உற்சாகத்தில் வளையம் முழுவதும் குடியேறியிருந்தது.

"கோதாரி!" என்றார் ஜெகதீஸ். "தட்டுக்குச் சரிவந்தது இதுக்கு ஏன் சரிவரேல்லை?"

"நீங்கள்தானே எல்லாத்துக்கும் பூசச் சொன்னனீங்கள்!"

சண்டை பிடிக்க நேரம் இல்லை. கதவு தேய்க்கிற மணற்கடதாசி அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஜெகதீஸ் அதை எடுத்து, பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கால்வைத்த மேளத்தின் வளையத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மூச்சைப் பிடித்துத் தேய்த்தார். துரு போனது. கூடவே மினுக்கமும் போனது. பெருவிரல் தோலும் கொஞ்சம் போனது. இடையே மாமாவின் அழைப்பு.

"மருமோன், நான் வாறன் எண்டிட்டு நீ மேளத்தைத் துடைக்கிறன் கிடைக்கிறன் எண்டு கஷ்டப்படாதை, என்ன?"

"இதிலை என்ன மாமா கஷ்டம்?"

"இல்லையடாப்பா, உப்புக்காத்திலை இரும்பு எங்கை தாங்கும்? துருப்பிடிச்சிருந்தாலும் நான் ஒண்டும் நினைக்கமாட்டன். கிடக்கிறபடி கிடக்கட்டும்."

ஜெகதீஸ் தொலைபேசியை வைத்துவிட்டுக் கோசலாவைப் பார்த்தார். "விளங்குதோ? மனுசன் என்னைச் சோதிச்சுப் பாக்கிறார். 'ஓம் மாமா, துருத்தான்' எண்டு வாயைத் திறந்தனோ, வீடு போச்சு!"

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

ஜெகதீசின் பார்வை முன்வாசல் இரும்புக் கேற்றில் விழுந்தது. நான்கு வருடங்களுக்கு முன் பாதி கேற்றுக்கு வெள்ளிநிறப் பெயின்ற் அடித்து, மீதியை நாளைக்கு அடிப்போம் என்று விட்டிருந்தார். பேணியில் பெயின்ற் இன்னும் மிச்சம் இருந்தது.

அடித்தார். வளையம், திருகாணி, கால் எதையும் விடவில்லை. நண்பகல் வெயிலில் ஈரம் காயாமல் நின்ற மேளங்களைப் பார்த்தபோது ஜெகதீசுக்கே மெய்சிலிர்த்தது. சந்தோசம் தாங்கவில்லை. கைத்தொலைபேசியில் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தார். எடுத்ததோடு விட்டிருக்கலாம். உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கிற ஊர்ச்சனம் எல்லாம் இருக்கிற 'நாரந்தனை உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, 'மாமாவின் மேளம், மருமகனின் பராமரிப்பில்' என்று எழுதியும்விட்டார்.

அரைமணி நேரத்தில் நூற்றுக்கணக்கான இதயங்கள் வந்து விழுந்தன. பிரான்சிலிருந்து ஒருவர் அழுகிற முகம் போட்டார். கனடாவிலிருந்து ஒருவர், 'மார்க்கண்டு அண்ணை, மேளம் இன்னும் உயிரோடையோ!' என்று கேட்டார். அப்புறம் வாசிகசாலைத் தலைவர் விநாயகமூர்த்தியின் குரற்செய்தி வந்தது.

"உறவுகளுக்கு ஒரு மகிழ்ச்சியான அறிவித்தல்! எங்கடை வாசிகசாலையின்ரை எழுபத்தைந்தாவது ஆண்டுவிழாவிலை, கனடாவிலிருந்து வாற மார்க்கண்டு அண்ணை இதே மேளத்தை மேடையிலை வாசிப்பார்! எல்லாரும் நேரலையிலை பாருங்கோ!"

கோசலா தலையில் கை வைத்தாள். "காட்டத்தானே பூசினது! உதிலை அடிக்கவும் போகினமோ?"

அடுத்த நிமிடம் மாமா அழைத்தார். ஞாயிறல்ல, செவ்வாய்.

"ஹலோ மாமா! பாத்தியளோ?"

மாமாவின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"உதை... நீயோ செய்தனி?"

"ஓம் மாமா! நானேதான்!"

"நீ... உன்ரை கையாலை?"

"என்ரை கையாலை மாமா!"

அழைப்பு அறுந்துபோனது. "மாமா அழுதிட்டார்," என்றார் ஜெகதீஸ், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாசம் இருந்தால் இப்பிடித்தான்."

பாசம் இருந்தது. பெயின்ற்தான் இருக்கவில்லை. துருவுக்கும் புளிக்கும் மேலே பூசிய பெயின்ற் இரண்டு நாளாகியும் காயவில்லை. கடற்காற்று கொண்டுவந்த மண் முழுவதும் அதில் ஒட்டியது. கோழி தன் பழைய இடத்தைத் தேடி வந்து, வந்ததற்கு அடையாளமாக இறகுகளை ஒட்டிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் கொஞ்சம் காய்ந்ததுபோல இருக்கவே, சோதித்துப் பார்ப்போம் என்று கோசலா அகப்பைக்காம்பால் ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளிச் சருகு பொலபொலவென்று உதிர்ந்து இருவர் தலையிலும் விழுந்தது.

ஜெகதீஸ் மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிற பத்திநாதர், தங்கள் தேவாலய பாண்ட் வாத்திய மேளங்களையும் பராமரிக்கிறவர். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் திரும்பினார்.

பத்திநாதர் மேளத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஓர் இறகைப் பிடுங்கிப் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆர் தம்பி இதுக்குப் புளி போட்டது?"

"விளக்குக்குப் போடுறதுதானே அண்ணை..."

"விளக்கு பித்தளை. தேய்க்கத் தேய்க்க உள்ளுக்கையும் பித்தளைதான் வரும். குரோம் எண்டது மேலாலை ஒரு மெல்லிய பூச்சு. தேய்க்கத் தேய்க்க உள்ளுக்கை இரும்புதான் வரும். சரி, மணற்கடதாசி போட்டது ஆர்?"

ஜெகதீஸ் பெருவிரலை மறைத்தார். "காப்பாத்தேலுமோ அண்ணை?"

"பாப்பம். ஆனால் ஒண்டு. நான் சொல்லுவன், நீர்தான் செய்யவேணும். எனக்கு எஞ்சின் வேலை கிடக்கு."

முதலில் முழுவதையும் கழற்றச் சொன்னார். ஜெகதீஸ் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, எது எந்த மேளத்தினது என்று கடதாசித் துண்டில் எழுதிக் கட்டி, மண்ணெண்ணெயில் போட்டார். தின்னர் தொட்ட பழஞ்சீலையால் பெயின்றை வழித்தெடுத்தார். கூட்டுறவுச் சங்க அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று லீவு அறிவித்தார். காய்ச்சல் மாதிரித்தான் இருந்தது. சாப்பிட மறந்தார், மத்தியான நித்திரையை மறந்தார்.

"இனி ஈயத்தாள் வேணும்," என்றார் பத்திநாதர். "சொக்லேட் சுத்தியிருக்குமே, அது. தண்ணியிலை தோய்ச்சு, மெதுவா உருட்டித் தேய்க்கவேணும். அது குரோமைக் கீறாது, துருவை மட்டும் தூக்கும்."

கணவன் மனைவி இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் அலுமாரிக்குப் போயின. அங்கே போன தைப்பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த சொக்லேட், கோசலாவின் தங்கை பிள்ளைகளுக்கென்று பூட்டியிருந்தது.

"ஏலாது!" என்றாள் கோசலா, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

"வீடு, கோசலா! வீடு!"

அன்று பின்னேரம் மூன்று பேரும் பின்விறாந்தையில் இருந்து சொக்லேட் சாப்பிட்டார்கள். ஐம்பதாவது சொக்லேட்டில் பத்திநாதர் தனக்குச் சீனி வருத்தம் என்று எழும்பிவிட்டார். மீதியை ஜெகதீஸ் ஒருவராகவே முடித்தார். வீட்டுக்காக அவர் பட்ட பாடுகளில் இதுவும் ஒன்று.

பிறகு தேய்த்தார். தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு விரற்கடை, அப்புறம் ஒரு விரற்கடை. கறுப்புச் சேறாகத் துரு கழன்றது. துடைத்தார். அடியிலிருந்து நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் எழும்பியது.

"கோசலா! ஓடி வாரும்! என்ரை மூக்குத் தெரியுது!"

"பெரிசாத் தெரியுதோ?"

"ஓம்!"

"அப்ப சரியாத்தான் தெரியுது."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பத்து நாள், ஐந்து மேளம். முழங்காலுக்கு நடுவே வைத்து அடிக்கிற சினேர் ட்றம் முழுவதும் குரோம் உடம்பு. அதை மடியில் வைத்துக் குழந்தைபோலத் துடைத்தார். கார் மினுக்குகிற மெழுகை மேலே பூசி, பூப்போலத் துணியால் ஒற்றி எடுத்தார். தேய்ந்துபோன அந்த ஒரு சாண் இடத்தைப் பார்வையாளருக்குத் தெரியாதபடி பின்பக்கம் திருப்பிப் பூட்டினார். பத்திநாதர் தேவாலயத்தில் மிச்சமாக இருந்த புதுத்தோல்களைக் கொண்டுவந்து இறுக்கிக் கொடுத்தார். தட்டிப் பார்த்தபோது நாலு வீடு தள்ளியிருந்த மாடு கத்தியது.

"தம்பி," என்றார் பத்திநாதர், உண்மையாகவே வியந்து. "நீர் இப்பிடி வேலை செய்வீரெண்டு நான் நினைக்கேல்லை."

"நானும் நினைக்கேல்லை அண்ணை," என்றார் ஜெகதீஸ். வாழ்க்கையில் அவர் தொடங்கி முடித்த முதல் வேலை அதுதான். அந்தப் பெருமையில் வீட்டையே ஒரு கணம் மறந்துவிட்டார்.

மாமா பயணம் வெளிக்கிடுவதற்கு முதல்நாள் மறுபடி அழைத்தார். "மருமோன், மேளத்தை அறைக்குள்ளை அடைச்சு வைக்காதை. பூஞ்சணம் பிடிக்கும். வெளியிலை, நல்லாக் காத்துப்படுற இடத்திலை வை. மழை ஏதும் உண்டோ?"

"மழை இல்லை மாமா. நான் அதைக் கம்பளியாலை சுத்தி எங்கடை கட்டிலிலை வைச்சிருக்கிறன். நாங்கள் நிலத்திலை படுக்கிறம்."

மாமா பெருமூச்சு விட்டது கனடாவிலிருந்து இங்கே கேட்டது.

விழா பிற்பகல் நான்கு மணிக்கு. வாசிகசாலை முற்றத்தில் கதிரை போதவில்லை. மதிலில் ஏறியும் ஆட்கள் இருந்தார்கள். மாமாவும் கமலாதேவி மாமியும் கொழும்பிலிருந்து வந்த வான் வண்டியை நேரே விழாவுக்கு விடச்சொல்லித் தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். இறங்கிய மாமாவுக்கு மாலை போட்டு, மேளதாளத்தோடு மேடையடிக்குக் கூட்டிவந்தார்கள்.

ஜெகதீஸ் மேடையில் தயாராக நின்றார். புது வேட்டி, கழுத்தில் சால்வை. மாமா முதற்படியில் கால் வைத்ததும், கம்பளியை ஒரே இழுவையில் உருவினார்.

மாலை வெயில் மேளங்களில் பட்டது. ஐந்து மேளமும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டதுபோல மின்னின. முன்வரிசை முழுவதும் கையை உயர்த்திக் கண்ணை மறைத்தது. 'ஓ!' என்று சனம் கத்தியது. கோசலா அழுதாள். பத்திநாதர் எழுந்து நின்று கை தட்டினார். ஜெகதீசுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக ஊர் அவரைப் பார்த்துக் கை தட்டுகிறது!

மாமா படியிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப் போனது. கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாருங்கள்!" என்று தலைவர் விநாயகமூர்த்தி ஒலிவாங்கியில் முழங்கினார். "நாற்பது வருடங்களுக்குப் பிறகு தன் மேளத்தைக் கண்ட கலைஞனின் ஆனந்தக் கண்ணீர்!"

இரண்டு பேர் மாமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து மேளங்களுக்குப் பின்னால் இருத்தினார்கள். கையில் தடிகளைக் கொடுத்தார்கள். கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று நேரலையில் சனம் கூடிக்கொண்டே போனது. மாமா தடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து மறுபடியும் தண்ணீர் கேட்டார்.

ஜெகதீஸ் மேடையிலிருந்து குதித்து இறங்கி, முன்வரிசையில் மடிமேல் ஒரு மண்ணிறப் பத்திரக் கோவையை வைத்துக்கொண்டிருந்த கமலாதேவி மாமிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். கோவையின் மேலே வீட்டு உறுதியின் முத்திரை தெரிந்தது. ஜெகதீசின் குரல் உற்சாகத்தில் உடைந்தது.

"மாமி, பாத்தியளோ! மாமாவுக்குச் சந்தோசத்திலை கையெல்லாம் நடுங்குது!"

மாமி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"சந்தோசமோ? அந்தாளுக்கு மேளம் அடிக்கத் தெரியாது மருமோன். வாங்கினது மட்டும்தான் அவர்; அடிச்சது குருநாகல் கடையிலை நிண்ட வேறை ஆள். 'என்ரை மேளம் ஊரிலை கிடந்து துருப்பிடிக்குது, இல்லாட்டி அடிச்சுக் காட்டியிருப்பன்' எண்டு சொல்லிச் சொல்லியே கனடாவிலை பேர் எடுத்தவர்."

ஜெகதீஸ் மாமியின் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... அப்ப என்னத்துக்கு மாமி பதினொரு வரியமா மேளத்தைப் பாத்துக்கொள் எண்டு என்னட்டை விட்டவர்?"

மாமி கோவையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார்.

"எங்கடை சொந்தத்துக்குள்ளை ஆகப் பஞ்சிப்பட்ட சோம்பேறி ஆர் எண்டு தேடித் தேடித்தான் உம்மைப் பிடிச்சவர் தம்பி. மேளம் உக்கிப்போய்க் கிடக்கிறதைக் கண்டவுடனை, அந்த நன்றிக்கு வீட்டை உம்மடை பேருக்கு எழுதிறதுக்குத்தான் உறுதியையும் கையோடை கொண்டு வந்தவர்!"